மூளைச்சாவுக்குப் பின் கண் விழித்தவர்கள்

நெஞ்சில் காதை வைத்துத் துடிப்பைக் கேட்பதும், மூக்கருகே விரலை நீட்டி மூச்சைப் பார்ப்பதும், இமையை விலக்கிக் கண்பாவையைச் சோதிப்பதும் ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்யப் போதுமானவையாக இருந்த நெடுங்காலம், செயற்கை சுவாசக் கருவி மருத்துவமனைகளுக்குள் நுழைந்த 1950களில் முடிவுக்கு வந்தது. 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து ரப்பர் பையைக் கையால் அழுத்தி இரவும் பகலும் மூச்சுக் கொடுத்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் வகுத்த அந்த ஏற்பாட்டிலிருந்தே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு வளர்ந்தது. உயிர் காத்த அதே வசதி, அதற்கு முன் உலகில் இல்லாத ஒரு நிலையையும் உடன் கொண்டுவந்தது. மூளை முற்றாகச் சிதைந்துபோன உடலிலும், கருவி மூச்சுக் கொடுக்கும்வரை இதயம் துடித்தது, தோல் வெதுவெதுப்பாக இருந்தது, சிறுநீர் பிரிந்தது. 1959இல் பாரிஸ் மருத்துவர்களான பியர் மொல்லாரேயும் மொரீஸ் குலோனும் இத்தகைய 23 நோயாளிகளை ஆராய்ந்து, ஆழ்மயக்கத்தையும் கடந்த ஒரு நிலை என்று அதை விவரித்தனர்.

இன்று மூளைச்சாவு என்று வழங்கும் அந்த நிலையிலிருந்து யாரோ ஒருவர் மீண்டெழுந்தார் என்ற செய்தி அவ்வப்போது உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதை அற்புதம் என்று கொண்டாடுவோர் ஒருபுறமும், உறுப்புகளுக்காக உயிரோடு இருப்பவரையே இறந்தவராக்கும் மோசடி அம்பலமாகிவிட்டது என்று கொதிப்போர் மறுபுறமும் நிற்க, மருத்துவ உலகம் பெரும்பாலும் ‘அது மூளைச்சாவே அல்ல’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நகர்ந்துவிடுகிறது. அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மீண்டவர்களின் வழக்குகளைத் தனித்தனியே எடுத்து ஆராயும் ஒருவர், செத்த மூளை உயிர்பெற்றதற்கான சான்று எதையும் காணாவிட்டாலும், தீர்ப்பு எழுதிய கைகள் அவசரப்பட்டதற்கான சான்றுகளை வேண்டிய அளவு காண்பார்; இந்த இரண்டாம் பாதியை மருத்துவர்கள் தாழ்ந்த குரலிலேயே சொல்லி வந்திருக்கின்றனர் என்பதுதான் குறை.

மூளை சாகும் விதம்

மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு கலம். விபத்தில் அடிபட்டோ, ரத்தக் குழாய் வெடித்தோ, நெடுநேரம் பிராணவாயு கிடைக்காமலோ மூளை வீங்கத் தொடங்கினால், வீக்கத்துக்கு வெளியே போக இடமில்லாமல் உள்ளழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது; ஒரு கட்டத்தில் அந்த அழுத்தம் ரத்த அழுத்தத்தையே மிஞ்சிவிட, இதயம் எவ்வளவு வலுவாக உந்தினாலும் ரத்தம் மண்டைக்குள் நுழைய முடியாமல் கழுத்தளவிலேயே நின்றுவிடுகிறது. ரத்தம் நின்ற சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்குகின்றன. வீங்கிய மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்திலுள்ள மூளைத்தண்டை நசுக்குகிறது. கட்டைவிரல் பருமனே உள்ள அந்த மூளைத்தண்டில்தான் விழிப்பைத் தூண்டும் அமைப்பும், தானாக மூச்சிழுக்கச் செய்யும் மையமும், கண், முகம், தொண்டை ஆகியவற்றின் அனிச்சைச் செயல்களுக்கான நரம்புக் கருக்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அனிச்சைச் செயல் என்பது விருப்பத்தின் துணையின்றித் தூண்டலுக்கு உடல் தானே காட்டும் எதிர்வினை. மூளைத்தண்டு போனால் உணர்வும் மூச்சும் சேர்ந்தே போகின்றன.

இதயத் துடிப்பு மட்டும் தொடர்வது ஏன் என்ற கேள்வி இங்கே எழும். இதயம் தன் துடிப்புக்கான மின்தூண்டலைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் உறுப்பு. பிராணவாயு கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அதற்கு மூளையின் ஆணை தேவையில்லை. மகனின் மார்பில் கைவைத்துத் துடிப்பை உணரும் தாயிடம் அவன் இறந்துவிட்டான் என்று ஒரு மருத்துவர் சொல்ல நேர்வது இந்த உடலியல் விநோதத்தால்தான். அந்தத் தாய் நம்ப மறுப்பதில் அறியாமை ஏதுமில்லை.

மூளைச்சாவோடு பொதுப்பேச்சில் குழப்பிக்கொள்ளப்படும் நிலைகள் வேறு சில உண்டு. கோமா எனப்படும் ஆழ்மயக்கத்தில் இருப்பவரின் மூளைத்தண்டு ஓரளவேனும் இயங்குகிறது. அவர் தேறலாம், தேறாமலும் போகலாம். தாவர நிலை என்று சொல்லப்படுவதில் கண்கள் திறந்து மூடும், மூச்சு தானாக வரும், தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும், ஆனால் சுற்றுப்புறத்தை உணரும் அறிகுறி மட்டும் தென்படாது. ‘பல ஆண்டு மூளைச்சாவில் இருந்தவர் விழித்தார்’ என்று வரும் செய்திகள் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றைப் பற்றியவை.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்தது. இரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வந்ததே, உறுப்புக்காகத்தான் மரணத்தின் வரையறை மாற்றப்பட்டது என்ற ஐயத்துக்கு இன்றுவரை தீனி போடுகிறது. 1976இல் பிரிட்டன் மூளைத்தண்டின் சாவையே போதுமான அளவுகோலாகக் கொண்டது. 1981இல் அமெரிக்காவில் உருவான மாதிரிச் சட்டம் மூளைத்தண்டு உட்பட முழு மூளையின் எல்லாச் செயல்களும் மீளாதவாறு நின்றிருக்க வேண்டும் என்றது. இந்தியா 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் பிரிட்டனின் வழியைப் பின்பற்றியது.

படுக்கையருகே நடப்பது

சோதனைக்கு முன் தீர்க்கப்பட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு, பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. மயக்கத்துக்கான காரணம் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காரணம் ஸ்கேன் படத்தில் தெரியும் அளவுக்கு மூளையைச் சிதைத்திருக்க வேண்டும். உடல் குளிர்ந்திருக்கக் கூடாது. மயக்க மருந்தோ, தூக்க மருந்தோ, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தோ, நஞ்சோ உடலில் எஞ்சியிருக்கக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை, உப்பு முதலியவற்றின் அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்து வரும் சோதனைகளுக்குப் பொருளில்லை.

அதன் பின் மருத்துவர் கண்பாவையில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்க்கிறார்; பாவை சுருங்கக் கூடாது. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொடுகிறார். இமை சிமிட்டக் கூடாது. புருவ எலும்பின் மேல் அழுத்துகிறார். முகம் சுளிக்கக் கூடாது. தலையைச் சற்று உயர்த்தி வைத்துக் காதுக்குள் பனிக்கட்டி நீரைச் செலுத்துகிறார். உயிருள்ள மூளைத்தண்டு கண்களை அசைக்கும், செத்தது அசைக்காது. குழாய் வழியே மூச்சுக்குழலைச் சீண்டும்போது இருமலும், தொண்டையைத் தொடும்போது குமட்டலும் வரக் கூடாது.

இறுதியில் வருவது மூச்சுச் சோதனை. சில நிமிடங்கள் தூய பிராணவாயு கொடுத்துவிட்டுச் சுவாசக் கருவியைப் பிரிக்கின்றனர். குழாய் வழியே பிராணவாயு மட்டும் நுரையீரலுக்குள் கசிந்துகொண்டிருக்கும். மூச்சு நின்ற உடலில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும்; மூச்சு மையத்தைத் தூண்டிவிட அதைவிட வலிய சாட்டை இயற்கையில் இல்லை. நோயாளியின் மார்பும் வயிறும் தெரியும்படி துணியை விலக்கி வைத்து, மருத்துவர்கள் பல நிமிடங்கள் கண் எடுக்காமல் பார்த்து நிற்கின்றனர். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டியும் மார்பு ஒருமுறைகூட எழவில்லை என்றால் மூச்சு மையம் செத்துவிட்டது என்று பொருள். சிறிதளவு அசைவு தெரிந்தாலும் சோதனை அங்கேயே நிறுத்தப்படும். நோயாளி இறந்தவர் ஆகமாட்டார்.

இந்தியச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் இதற்குப் பொறுப்பு: மருத்துவமனையின் தலைமை மருத்துவர், அரசு ஏற்ற பட்டியலிலிருந்து வரும் சுதந்திரமான வல்லுநர் ஒருவர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை மருத்துவர், சிகிச்சையளித்துவரும் மருத்துவர். நரம்பியல் வல்லுநர் இல்லாத ஊர்களில் வேறு துறை வல்லுநர்களை அமர்த்த 2011ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. உறுப்பை எடுக்கும் குழுவினருக்கு இதில் இடமில்லை. சோதனைகள் அனைத்தும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்யப்பட்டு, 10ஆம் எண் படிவத்தில் நால்வரும் கையெழுத்திட வேண்டும்.

மீண்டவர்கள் யார்?

2011இல் டென்மார்க்கில் கார் விபத்தில் சிக்கிய 19 வயதுப் பெண் ஒருவரின் பெற்றோரிடம், மூளைச்சாவு நெருங்கிவிட்டது என்ற எதிர்பார்ப்பில் உறுப்பு தானம் பற்றிப் பேசப்பட்டது. சுவாசக் கருவி அகற்றப்பட்ட பின் அவர் தானே மூச்சுவிட்டு, பின்னர் தேறி நடமாடினார். மறு ஆண்டு அந்தக் கதை தொலைக்காட்சியில் ஆவணப்படமாக ஒளிபரப்பானதும் நூற்றுக்கணக்கான டேனிஷ் மக்கள் உறுப்பு தானப் பதிவேட்டிலிருந்து தம் பெயரை நீக்கிக்கொண்டனர். அந்தப் பெண்ணுக்கு மூளைச்சாவு முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. ஆயினும் அறிவிக்கப்படாத ஒன்றின் பேரில் தானப் பேச்சை எடுத்தது யார் குற்றம் என்று மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

2009இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் அளவுக்கு மீறி மருந்துகளை விழுங்கிய பெண் ஒருவர், உறுப்பெடுக்கும் அறுவை அரங்கின் மேசையிலேயே கண் திறந்தார். முந்தைய நாள் செவிலியர் ஒருவர் அவருடைய பாதத்தைச் சீண்டியபோது கால்விரல்கள் மடங்கின, மூக்குத்துளை விரிந்தது, உதடும் நாக்கும் அசைந்தன. இவை குறிப்பேட்டில் பதிவாகியும் மருத்துவர்கள் முடிவை மாற்றவில்லை. மருந்து உடலைவிட்டு நீங்கப் போதிய நேரம் கொடுக்காததையும் மூளைப் படச் சோதனைகளைத் திரும்பச் செய்யாததையும் மாநிலச் சுகாதாரத் துறையின் விசாரணை சுட்டிக்காட்டியது. இவ்வழக்கும் மூளைச்சாவின் கணக்கில் சேராது. மூளை மீள வழியின்றிச் சேதமடைந்தது என்று கருதி, கருவியை நிறுத்திய பின் இதயம் நிற்பதற்காகக் காத்திருந்து உறுப்பெடுக்கும் வேறொரு முறையைச் சேர்ந்தது. 2021இல் கென்டக்கி மாநிலத்தில் அறுவை மேசையில் அசைந்து கண்ணீர் வடித்ததாகச் சொல்லப்பட்டவரின் வழக்கும் அவ்வகையே. அதைத் தொடர்ந்து அமெரிக்க அரசு, தானத்துக்கு ஒப்புதல் கிடைத்தும் தானம் நிறைவேறாமல் போன 351 நிகழ்வுகளை ஆராய்ந்து 2025 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டது. 103 நிகழ்வுகளில் கவலைக்குரிய அம்சங்கள் இருந்தன, 73 பேரிடம் தானத்தோடு பொருந்தாத நரம்பியல் அறிகுறிகள் தென்பட்டன. ‘அது மூளைச்சாவே அல்ல’ என்ற பதில் இங்கேயும் சரியானதுதான். ஆனால் மேசையில் கிடந்தவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

முறைப்படி மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட பின் மீண்டதாகப் பெரிதும் பேசப்படுவது 2007ஆம் ஆண்டின் டெக்சாஸ் வழக்கு. நான்கு சக்கர மோட்டார் வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடிபட்ட 21 வயது ஒக்லஹோமா இளைஞர், விச்சிட்டா ஃபால்ஸ் நகர மருத்துவமனையில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார். மூளைக்கு ரத்த ஓட்டம் இல்லை என்று படச் சோதனை காட்டியதாகச் சொல்லப்பட்டது. பெற்றோர் உறுப்பு தானத்துக்கு இசைந்தனர். செவிலியராக இருந்த உறவினர் ஒருவர் தம் பேனாக்கத்தியால் பாதத்தைக் கீறியபோது கால் வெடுக்கென்று பின்வாங்கியது. இது மட்டும் சான்றாகாது. மூளை செத்த பின்னும் தண்டுவடம் தனித்து இயங்கக்கூடும் என்பதால் பாதத்தைச் சீண்டினால் கால் மடங்கலாம். லாசரஸ் அறிகுறி என்று அழைக்கப்படும் நிகழ்வில் இரு கைகளும் தாமே உயர்ந்து மார்பின்மேல் வந்து சேர்வதும் உண்டு, அதை நேரில் காணும் உறவினர்கள் அலறுவதும் உண்டு. ஆனால் அந்த உறவினர் அடுத்ததாக விரல் நகத்தின் கீழே அழுத்தினார். இளைஞர் கையை உருவிக்கொண்டு உடலின் குறுக்கே மறுபுறம் கொண்டுபோனார். வலியின் இடமறிந்து விலகும் அத்தகைய அசைவைத் தண்டுவடம் தனித்துச் செய்ய இயலாது. ஏறத்தாழ ஏழு வாரங்களில் அவர் வீடு திரும்பினார்.

செத்த மூளை அப்படித் திரும்பாது. அந்த அசைவு காட்டுவது, சோதனையின் ஏதோ ஒரு படி பிழைபட்டது அல்லது உரிய காலத்துக்கு முன்பே செய்யப்பட்டது என்பதையே. அதைக் கண்டுபிடித்தது மருத்துவர்களின் கையெழுத்தோ விலையுயர்ந்த கருவியோ அல்ல, ஓர் உறவினரின் பிடிவாதம் என்பது அந்த மருத்துவமனைக்குப் பெருமை சேர்க்கும் செய்தியாகாது.

அட்லாண்டாவின் பாடம்

2010இல் அமெரிக்க நரம்பியல் கழகம், 1995ஆம் ஆண்டின் தன் வழிகாட்டுதல்களின்படி மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்ட வயதுவந்தோர் எவருக்கும் நரம்பியல் செயல் மீண்டதாக வெளியான அறிக்கை ஒன்றும் இல்லை என்று எழுதியது. மறு ஆண்டே அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்களான ஆடம் வெப்பும் ஓவன் சாமுவேல்ஸும் சங்கடமான ஒரு கட்டுரையை வெளியிட்டனர்.

இதயம் நின்று, உயிர்மீட்பு முயற்சியால் மீண்டும் துடித்த 55 வயது நோயாளிக்கு, மூளையைக் காக்கும் பொருட்டு உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. உடலை இயல்பு வெப்பத்துக்குக் கொண்டுவந்த பின் ஒருநாள் பொழுதில் மூளைத்தண்டின் எஞ்சிய செயல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதனை நடந்தது, மூச்சுச் சோதனையும் நடந்தது, மரணம் அறிவிக்கப்பட்டது, குடும்பம் தானத்துக்கு இசைந்தது. 24 மணி நேரம் கழித்து அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தபோது அவருக்குக் கருவிழியைத் தொட்டால் இமை சிமிட்டும் செயலும், இருமலும், தானாக வரும் மூச்சும் திரும்பியிருந்தன. உறுப்பெடுப்பு நிறுத்தப்பட்டது. திரும்பியவை நிலைக்கவில்லை, அவர் பிழைக்கவும் இல்லை. எஞ்சியிருந்த மயக்க மருந்தே சோதனையை ஏமாற்றியிருக்கக்கூடும் என்ற விவாதமும் எழுந்தது. குளிர்ந்த உடலில் கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகம் குறைந்து, வழக்கமாகச் சில மணி நேரத்தில் நீங்கும் மருந்து நாள்கணக்கில் தங்கிவிடும் என்பதால் அந்த ஐயம் பொருளற்றதாகாது.

காரணம் எதுவாயினும், அந்த நோயாளியிடம் நிகழ்ந்ததை மறைக்காமல் தம் பெயரிலேயே அச்சேற்றிய இருவரும், அற்புதச் செய்திகளுக்கு மறுப்பறிக்கை விடும் கழகங்களைவிட இத்துறைக்கு அதிகம் செய்தனர். 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட உலக மூளைச்சாவுத் திட்டத்தின் பரிந்துரைகள், இதயம் நின்று மீண்டவர்களிடமும் குளிர்விக்கப்பட்டு வெப்பமூட்டப்பட்டவர்களிடமும் குறைந்தது 24 மணி நேரமாவது காத்திருந்தே சோதனையைத் தொடங்க வேண்டும் என்கின்றன. விந்தை என்னவென்றால், 1968இன் ஹார்வர்டு அறிக்கையே உடல் குளிர்ச்சியையும் தூக்க மருந்துகளையும் விலக்கிவைத்ததோடு, 24 மணி நேரம் கழித்து எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்யச் சொல்லியிருந்தது. இடையில் வந்த பல வழிகாட்டுதல்கள் அந்த இடைவெளியைக் குறைத்தன. காத்திருக்கக் காத்திருக்க உறுப்புகள் கெடும் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்ததை யாரும் மறுக்க முடியாது.

கட்டுவிரியனின் ஏமாற்று

மேலைநாட்டு மருத்துவ இதழ்களில் மூளைச்சாவைப் போல நடிக்கும் நிலைகளாகத் தூக்க மருந்து மிகையும், தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பேக்லோஃபென் என்ற மருந்தின் மிகையும், குய்லன்-பாரே என்ற நரம்பு நோயின் கடும் வடிவமும் பேசப்படுகின்றன. தமிழ்நாட்டு, இலங்கை மருத்துவர்களுக்கு அவற்றைவிட நெருக்கமான ஏமாற்றுக்காரன் ஒன்று உண்டு: கட்டுவிரியன்.

இந்தப் பாம்பு இரவில் இரைதேடும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல் மெல்லியது, வலியும் வீக்கமும் அநேகமாக இல்லை, கடித்த தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பவருக்குச் சிறிது நேரத்தில் இமைகள் சரிகின்றன, பேச்சு குழறுகிறது, எச்சிலை விழுங்க முடிவதில்லை, அதன் பின் மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. நரம்பு தசையைத் தொடும் முனையில் உள்ள வேதிப்பொருள் சேமிப்பை இந்த நஞ்சு காலிசெய்து, முனையையே சிதைத்துவிடுகிறது. அவர் செயற்கை சுவாசத்தில் கிடக்கும்போது கண்பாவை விரிந்து, ஒளிக்கு அசையாமல் நிற்கக்கூடும், கருவிழியைத் தொட்டாலும் இமை சிமிட்டாது, இருமல் வராது, கருவியைப் பிரித்தால் மார்பு எழாது. படுக்கையருகே செய்யப்படும் ஒவ்வொரு சோதனையிலும் அவர் இறந்தவராகவே தேறுவார். ஆனால் மூளை நலமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்போர் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரிக்கும் நஞ்சிலிருந்தும் தயாராகும் நச்சுமுறிவு மருந்து, நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றோடு கட்டுவிரியனுக்கும் உரியதே என்றாலும், சிதைந்துவிட்ட நரம்பு முனையை அதனால் திரும்பக் கட்ட முடியாது. முனைகள் தாமே வளர வேண்டும். அதற்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அதுவரை மூச்சுக் கொடுத்துக் காப்பதுதான் சிகிச்சை. ‘மூளைச்சாவு போலிருந்தவர்’ எழுந்து நடந்ததாக இந்திய மருத்துவ இதழ்களில் வந்துள்ள கட்டுவிரியன் வழக்குகளில் ஒன்றிலும் அற்புதம் இல்லை. காரணம் தெரியாமல் சோதனை செய்யாதே என்ற முதல் விதியின் விளக்கமாகவே அவை ஒவ்வொன்றும் அமைகின்றன. ஓர் அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் வந்து சேரும், கடித்தது எது என்று சொல்ல ஆளில்லாத நோயாளிக்கு, தலை ஸ்கேனில் வீக்கமோ ரத்தக்கசிவோ இல்லாதபோது மூளைச்சாவு என்ற சொல்லையே எடுக்காமல் காத்திருக்கும் மருத்துவர்தான் சட்டத்தை உண்மையில் காப்பவர்.

விடை கிடைக்காத வழக்கு

பிழையான சோதனை, அவசரச் சோதனை, போலித் தோற்றம் என்ற எந்த வகையிலும் எளிதில் அடங்காத ஒரு வழக்கு 2013 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் தொடங்கியது. தொண்டை அறுவைக்குப் பின் ரத்தப்போக்கால் இதயம் நின்ற 13 வயதுச் சிறுமிக்கு மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது. நீதிமன்றம் அமர்த்திய வெளி வல்லுநரும் அதை உறுதிசெய்தார். கலிபோர்னியா இறப்புச் சான்றும் வழங்கியது. தாய் ஏற்கவில்லை. மத நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவை மறுக்க 1991 முதலே சட்டம் இடம் தந்திருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு மகளைக் கொண்டுபோனார். சிறுமி பருவமடைந்தாள், பல மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் மூளையின் அமைப்பு முழுவதும் கரைந்துவிடவில்லை என்று தெரிந்தது, தாயின் சொல்லுக்கு விரலசைத்தாள் என்று குடும்பத்தினர் காணொளிகளைக் காட்டினர். நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷ்யூமன் அவற்றை ஆராய்ந்து, அவள் மூளைச்சாவின் அளவுகோலை அப்போது நிறைவு செய்யவில்லை என்று வாதிட்டார். 2018 ஜூனில் அவள் இறந்தபோது நியூ ஜெர்சி இரண்டாவது இறப்புச் சான்றை எழுதியது. நான்கரை ஆண்டு இடைவெளியில் இரண்டு மாநிலங்களால் இருமுறை இறந்தவராகப் பதியப்பட்ட அவள், படுக்கையை விட்டு எழவில்லை, பேசவில்லை, கருவியின்றி மூச்சுவிடவும் இல்லை.

இதே ஷ்யூமன் 1998இல், மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட பின் ஒரு வாரத்துக்கு மேல் உடல் இயங்கிய 175 வழக்குகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தார். அவற்றுள் நான்கு வயதில் மூளைக் காய்ச்சலால் தாக்கப்பட்ட ஒரு சிறுவன் பின்னும் இருபது ஆண்டுகள் கருவியோடு வளர்ந்தான். இறந்த பின் திறந்து பார்த்தபோது மூளையின் இடத்தில் சுண்ணம் படிந்த கட்டியே இருந்தது, நரம்பணு ஒன்றும் இல்லை. மூளை போனால் உடலும் சில நாள்களில் குலைந்துவிடும் என்று மருத்துவம் நெடுங்காலம் சொல்லிவந்த நியாயம் இதனால் உடைந்தது. மூளைச்சாவு என்பது திரும்பி வர இயலாத நிலை என்பதில் அசைவில்லை. ஆனால் திரும்பி வர இயலாத அந்த நிலையையே மரணம் என்று கொள்வது அறிவியல் கண்டுபிடித்த உண்மையைவிட, சமூகம் தக்க காரணங்களோடு ஏற்றுக்கொண்ட முடிவு என்பதே சரியாக இருக்கும். அமெரிக்கச் சட்டம் ‘முழு மூளை’ என்று சொல்ல, சுரப்பிகளை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதி பலரிடம் இயங்கிக்கொண்டே இருப்பதையும், 2023இன் வழிகாட்டுதல் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஒதுக்குவதையும் காணும்போது, வல்லுநர்களே இந்த முடிவின் ஓரங்களை இன்னும் தைத்து முடிக்கவில்லை என்று தெரிகிறது.

நம்பிக்கையின் விலை

1980இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, தானம் செய்வோர் உண்மையில் இறந்தவர்கள்தாமா என்று கேட்டு அமெரிக்க வழக்குகள் சிலவற்றைக் காட்டியது. அவை ஒன்றும் பிரிட்டனின் அளவுகோலை நிறைவு செய்தவை அல்ல என்று மருத்துவர்கள் மறுத்தும், அந்நாட்டில் சிறுநீரக தானம் சரிந்தது. ஜப்பானில் 1968இல் சப்போரோ நகரில் நடந்த இதய மாற்று அறுவையில், தானம் தந்த இளைஞர் உண்மையில் இறந்திருந்தாரா என்ற ஐயத்தால் அறுவை மருத்துவர் மீது கொலைப் புகார் எழுந்தது. வழக்கு கைவிடப்பட்ட பின்னும் 1999 வரை அந்நாட்டில் அடுத்த இதய மாற்று நடக்கவில்லை. ஒரு மருத்துவமனையின் அவசரத்துக்கு ஒரு தலைமுறை இதய நோயாளிகள் விலை கொடுத்தனர்.

தமிழ்நாட்டின் கதை இதற்கு நேர்மாறானது. 2008 செப்டம்பரில், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதின்வயது மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தானமாகத் தந்தது மாநிலத்தையே அசைத்தது. அதே ஆண்டில் அரசு பிறப்பித்த ஆணைகள் சான்றளிப்புக்கும் பகிர்வுக்கும் ஒழுங்கு கொடுத்தன. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தோரின் உடலுக்கு அரசு மரியாதை உண்டு. ஆயினும் இந்தியச் சட்டத்தில் மூளைத்தண்டுச் சாவு இடம்பெறுவது உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் மட்டுமே என்பதால், அந்தச் சொல்லைக் குடும்பங்கள் கேட்பதே உறுப்பு கேட்கப்படும் வேளையில்தான். தானத்துக்கு இசையாத குடும்பத்தின் நோயாளி, சட்டத்தின் கண்ணில் இறந்தவரா இல்லையா என்பது தெளிவில்லாமலே கருவியில் கிடக்கிறார். இந்தக் கோளாற்றை உணர்ந்த கேரளம் 2020இல், தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைத்தண்டுச் சாவைச் சான்றளிப்பதற்கென்று தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உறுப்பைப் பற்றிய பேச்சே எழாத இடத்திலும் அதே சோதனை அதே ஒழுங்கில் நடக்கும்போதுதான், உறுப்புக்காக அது நடக்கிறது என்ற ஐயம் வலுவிழக்கும். மற்ற மாநிலங்கள் இதில் ஏன் தயங்குகின்றன என்பது விளங்கவில்லை.

சோதனையைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் செய்வதற்கும் மருத்துவக் காரணம் ஏதுமில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், சோதனை நடக்கும்போது குடும்பத்தினரில் ஒரு பகுதியினர் படுக்கையருகே நிற்க அனுமதிக்கப்பட்டனர், மற்றவர்களுக்கு முடிவு மட்டும் சொல்லப்பட்டது. கருவி பிரிக்கப்பட்டபின் மார்பு எழாமலே கிடப்பதை நேரில் கண்டவர்கள் மூளைச்சாவு என்றால் என்ன என்பதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தனர். பின்னாளில் அவர்களுடைய மனநலத்தை அளந்து பார்த்தபோது, நேரில் கண்டதால் கூடுதல் பாதிப்பு ஏதும் தென்படவில்லை.